மூட்டையில் வரும் குளிர் தார்: எங்கள் எடைமேடைக் களத்தில் எப்படி நிற்கிறது?

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில் எங்களுக்கு ஓர் எடைமேடை இருக்கிறது. அரிசி ஆலைக்கு நெல் கொண்டுவரும் லாரி, எண்ணெய் ஆலைக்குக் கொப்பரை ஏற்றிவரும் வண்டி, கிரஷரிலிருந்து ஜல்லி டிப்பர் என்று ராப்பகலாக ஏதாவது ஒன்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேடையும் அதற்கு ஏறுகிற சரிவும் கான்கிரீட். சுற்றியுள்ள களம் தார். கான்கிரீட்டுக்கு இதுவரை பெரிய செலவு வைக்கவில்லை. தார்க்களம்தான் வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தால் குழி விழுந்து உயிரை எடுக்கிறது.

அந்தக் குழிகளுக்காக, சூடு பண்ணாமலே போடும்படி மூட்டையில் அடைத்து விற்கிற குளிர் தார்க் கலவையை வாங்கிப் போட்டேன். அதன் மேல் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டதால் இப்போது தைரியமாக எழுதலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி நேராகப் போகிற இடத்தில் விழுந்த குழிக்கு இது நல்ல சரக்கு. லோடு லாரி ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்புகிற இடத்துக்கு லாயக்கில்லை. டீசல் சிந்துகிற இடத்தில் போடவே போடாதீர்கள்.

இதைத் தேடிப் போனதற்குக் காரணம் சூட்டுக் கலவைக்காரர்கள்தான். பிளான்டில் தாரும் ஜல்லியும் 150, 160 டிகிரி சூட்டில் கலந்து டிப்பரில் வரும். சூடு 100 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குவதற்குள் பரப்பி ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். அதனால் ஒரு டிப்பராவது வாங்கினால்தான் அவர்களுக்கும் கட்டுபடியாகும், நமக்கும் கட்டுபடியாகும். மூன்றடிக் குழி ஒன்று இருக்கிறது என்று போன் செய்தால், “அந்தப் பக்கம் வேற வேலை வந்தா சேர்த்துப் பண்ணிக் குடுத்தர்றனுங்க” என்பார்கள். அந்த வேற வேலை வருவதற்குள் குழி குளமாகிவிடும்.

மூட்டைச் சரக்கு கோயம்புத்தூரில் கட்டட ரசாயனங்கள் விற்கிற கடையில் கிடைத்தது. 25 கிலோ மூட்டை, உள்ளே கனமான பிளாஸ்டிக் உறை. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. பலர் பல பெயரில் விற்பது ஏறக்குறைய ஒரே சங்கதிதான். ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) 116 என்று இதற்கு ஒரு விதிமுறையே இருக்கிறது, அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் போதும். மூட்டையைப் பிரித்தால் முதலில் மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறும். உள்ளே இருப்பது சிறு ஜல்லியும் கிரஷர் தூளும், ஒவ்வொரு கல்லின் மேலும் கருப்பாகத் தார் பூசியபடி. உருண்டை பிடிப்பதற்கு முன்னால் இடித்து வைத்த எள்ளு மாதிரி, கையில் அள்ளி அழுத்தினால் சேரும், விட்டால் உதிரும். தாரை மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெயில் இளக்கி வைத்திருக்கிறார்கள். உறைக்குள் காற்றுப் போகாதவரை இளகியே இருக்கும். குழியில் போட்டு இடித்த பிறகு அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து தார் இறுகும்.

மூட்டையின் பின்புறம் “மைனஸ் 10 டிகிரியிலும் பயன்படுத்தலாம்” என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் மார்கழி வெடியாலகூட 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதிசயம். இது யாருக்கு உதித்த யோசனை என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

என் மகள் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் நகரத்தில் இருக்கிறாள். பேத்தி பிறந்த சமயம் நானும் வீட்டுக்காரியும் அங்கே போயிருந்தோம். மற்றவர்கள் ஏரி பார்த்தார்கள், கடை பார்த்தார்கள். நான் தார் ரோட்டைப் பார்த்தேன். “ஏனுங்கப்பா, இங்க வந்தும் ரோட்டையே பாத்துட்டு நிக்கறீங்க” என்று மகளுக்கு ஒரே சிரிப்பு. பார்க்க வேண்டிய சங்கதி அங்கே நிறைய இருந்தது.

அங்கே குளிர்காலத்தில் தண்ணீர்தான் ரோட்டுக்கு எமன். தார் மேல் மெல்லிய வெடிப்பு விழுந்தால் அதற்குள் தண்ணீர் இறங்குகிறது. ராத்திரி அது உறையும்போது பருமன் 9 சதவீதம் கூடுகிறது. வெடிப்புக்குள் அடைபட்ட தண்ணீர் வேறு எங்கே போகும்? தாரைத்தான் பிளக்கும். பகலில் உருகி இன்னும் ஆழமாக இறங்கும், ராத்திரி மறுபடி உறையும். மாசி, பங்குனியில் இது தினம் நடக்கிற கூத்து. அடியில் வண்டல் மாதிரி நைசான மண் இருந்தால் அது கீழிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே இழுத்து, மண்ணுக்குள்ளேயே பாளம் பாளமாகப் பனிக்கட்டி கட்டி, ரோட்டையே தூக்கிவிடுமாம். நாலைந்து அடி ஆழம் வரைகூட மண் உறைந்துபோகும் ஊர் அது.

அப்புறம் வெயில் வந்ததும் மேல்மண் முதலில் இளகும், அடிமண் இன்னும் உறைந்தே இருக்கும். நடுவில் சிக்கிய தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை. தாருக்கு அடியில் சேறு. அந்தச் சமயத்தில் லோடு லாரி போனால் ரோடு அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால் பல ரோடுகளில் 8 வாரம் வரைக்கும் லாரியின் அச்சு எடைக்குக் கட்டுப்பாடு போடுகிறார்கள். அதே மாநிலத்தில் நட்ட நடுக் குளிர்காலத்தில், மண் கெட்டியாக உறைந்திருக்கும்போது, வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதல் எடைக்கு அனுமதியும் உண்டு. எடை போட்டே சோறு சாப்பிடுகிற எனக்கு இது கேட்கக் கேட்க இனிப்பாக இருந்தது. நம் ஊரில் 2018-இல் மூன்று அச்சு லாரியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக ஏற்றினார்கள். ஐப்பசிக்கும் அதே எடை, சித்திரைக்கும் அதே எடை. ஓர் அச்சின் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு என்பது 1950-களின் கடைசியில் இல்லினாய் மாநிலத்தில் சோதனை ரோடு போட்டு, லாரி ஓட்டியே கண்டுபிடித்த கணக்கு. என் களத்தில் எந்தப் பக்கம் முதலில் போகிறது என்று பாருங்கள், காலி வண்டி இறங்குகிற பக்கம் அல்ல.

குளிர்காலத்தில் அங்கே சூட்டுக் கலவை பிளான்ட்களை மூடிவிடுகிறார்கள். குழியோ அப்போதுதான் விழுகிறது. அந்தச் சில மாதங்களை ஓட்டுவதற்குத்தான் இந்தக் குளிர் கலவை. கோடையில் பிளான்ட் திறந்ததும் தோண்டி எடுத்துவிட்டுச் சூட்டுக் கலவை போடுகிறார்கள். அதாவது பிறந்த வீட்டிலேயே இது தற்காலிகக் கட்டுதான். இங்கே விற்கிறவர்கள் அதை மட்டும் சொல்வதில்லை, “நிரந்தரத் தீர்வு” என்று போட்டுவிடுகிறார்கள்.

சரி, என் களத்துக்கு வருவோம். இங்கே பனி இல்லை, உறைதல் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நடக்கிற காரியம் பங்காளி முறைதான். வெடிப்பில் தண்ணீர் இறங்கி நிற்கிறது. மேலே லோடு டயர் ஏறும்போது அந்தத் தண்ணீர் அழுத்தத்தில் தாருக்கும் கல்லுக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் பிரிக்கிறது. புதிதாக விழுந்த குழியின் அடியில் குனிந்து பாருங்கள்: ஜல்லி கழுவிவிட்டதுபோல் வெறும் கல்லாகப் பளபளக்கும், தார் இருந்த சுவடே இருக்காது. என் களத்துக்கு அடியில் சுக்கான் கலந்த செம்மண், தண்ணீரை விட்டுவிடும், அதனால் கொஞ்சம் தப்பித்தேன். பல்லடத்துப் பக்கம் கோழித்தீவனக் குடோன் வைத்திருக்கும் மச்சானுக்குக் கரிசல். மழையில் ஊதுகிறது, கோடையில் சுருங்கி வாய் பிளக்கிறது. மின்னசோட்டாவில் பனிக்கட்டி தூக்குகிற வேலையை அவருக்குக் கரிசலே செய்துவிடுகிறது. அவர் களத்துக்கு மூட்டைத் தார் என்ன, எதைப் போட்டாலும் அடிமண்ணைச் சரிசெய்யாமல் நிற்காது. அவரிடம் சொல்லியாகிவிட்டது, அவர் கேட்கப் போவதில்லை.

போட்ட விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் சரக்கைக் குறை சொல்கிறார்கள். “குழியில் கொட்டி வண்டியை ஏற்றினால் போதும்” என்று மூட்டையில் படம் போட்டிருக்கும். மேடைக்குப் போகிற ஓரத்தில் ஒரு குழியில் வேண்டுமென்றே அப்படியே கொட்டச் சொன்னேன். முதல் நல்ல மழை வரைக்கும் இருந்தது. அடுத்த நாள் கருப்புக் கல்லெல்லாம் களம் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

பக்கத்துக் குழியை ஒழுங்காகச் செய்தோம். கட்டர் வைத்து ஓரத்தைச் சதுரமாக வெட்டினார்கள். வட்டமாக, சரிவாக இருக்கும் ஓரத்தில் கலவை மெலிந்து போய் முதலில் அங்கிருந்துதான் பெயரும். செங்குத்தான சுவர் இருந்தால் பிடித்து நிற்க இடம் கிடைக்கும். உதிர்ந்த ஜல்லியையெல்லாம் அள்ளிவிட்டு, புளோயர் வைத்துத் தூசியை ஊதி, ஒரு பொழுது வெயிலில் காயவிட்டோம். பிறகு எமல்ஷன், அதாவது தண்ணீரில் கலந்த தார், பூசினோம். பூசும்போது அது சாக்லேட் நிறத்தில் இருக்கும். ஆள் பொறுமையில்லாமல் உடனே கலவையைக் கொட்டப் பார்ப்பார், விடக்கூடாது. கண் முன்னாலேயே பழுப்பு கருப்பாக மாறும், அப்போதுதான் தண்ணீர் பிரிந்து தார் ஒட்டத் தயாராகிறது. எங்கள் வெயிலில் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் கருத்துவிட்டது.

கலவையை ஒரே மூச்சில் நிரப்பவில்லை. இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டையும் திமிசுக்கட்டையால் இடித்து அடுத்ததைப் போட்டோம். கடைசியில் அரை அங்குலம் மேடாகவே விட்டு, மேலே கிரஷர் தூள் தூவி, அடுத்து வந்த காலி லாரியை மெதுவாக ஏற்றி இறக்கச் சொன்னோம். தூள் தூவாவிட்டால் டயரில் ஒட்டிக்கொண்டு மேடை வரை கூடவே போகும், அப்புறம் மேடையைச் சுரண்டுகிற சோலி தனி. ஓரமெங்கும் எமல்ஷனை ஒரு கோடு இழுத்து முடித்தோம்.

இந்தக் குழி இன்றுவரை அசையவில்லை. மழையில் நனைந்தது, வண்டி ஏறியது, விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்துத் தாருக்கும் இதற்கும் நிறம் மட்டும்தான் வித்தியாசம். இது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் போதும்.

ஆனால் மேடையிலிருந்து இறங்கி ரோட்டுக்குத் திரும்புகிற முனையில் இதே முறையில், இதே ஆட்களை வைத்துப் போட்டது பங்குனி வரைக்கும் நன்றாக இருந்துவிட்டு, சித்திரையில் கோணிக்கொண்டது. ஒரு பக்கம் ஒதுங்கி மேடு தட்டியது, மறுபக்கம் பள்ளம். காரணம் தாரிலேயே இருக்கிறது. மினியாபொலிஸ் போன்ற ஊரில் ரோட்டுக்குப் போடுகிற தாரின் ரகப் பெயரிலேயே குளிர் எழுதியிருக்கும்: பி.ஜி. 58-34 என்றால் தளம் 58 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும், மைனஸ் 34 வரை விறைத்து வெடிக்காது என்று அர்த்தம். நம் ரோடுகளுக்குப் போடுவது பெரும்பாலும் வி.ஜி. 30 என்கிற ரகம், லோடும் வெயிலும் அதிகமானால் அதைவிடக் கெட்டியான வி.ஜி. 40. அங்கே விறைப்பு பயம், இங்கே உருகுதல் பயம். மூட்டைக் கலவையோ கையால் அள்ளிப் போடும்படி இன்னும் இளக்கியது. சித்திரை மத்தியானம் தார்த்தளத்தின் சூடு 60 டிகிரியைத் தொடும்போது, நின்ற இடத்திலேயே டயரைத் திருப்பினால் அது எப்படி நிற்கும்? குளிரைத் தாங்கும் என்று மூட்டையில் போட்டிருந்தார்களே, நமக்கு வேண்டிய மற்ற பாதியை யாரும் போடவில்லை. அந்த முனைக்குக் கடைசியில் கான்கிரீட்தான் போட்டேன்.

டீசல் விஷயம் சின்னது. லாரிகள் வரிசையில் நிற்கிற இடத்தில் டாங்க் கசிந்து சொட்டும். டீசல் தாரைக் கரைக்கும், பழைய தாரையே கரைக்கும்போது இன்னும் இறுகாத தாரை விட்டுவைக்குமா? அங்கே போட்டது இறுகவே இல்லை. விரலை வைத்தால் உள்ளே போனது. சுரண்டி எடுத்துவிட்டுப் பேவர் கல் பதித்துவிட்டோம்.

இந்தச் சரக்கோடு சேர்த்து இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும், உண்மையில் என் பணம் அதிகமாகப் பிரயோசனப்பட்டது அதில்தான். மினியாபொலிஸில் மகள் வீட்டுத் தெருவில் புரட்டாசிக் கடைசியில் வெடிப்பு அடைக்கிற ஆட்கள் வந்தார்கள். கோடையில் தார் விரிந்து வெடிப்பு மூடிக்கொள்ளும், கடும் குளிரில் சுருங்கி அகலமாகத் திறக்கும். நடுவாந்தரமாகத் திறந்திருக்கும் இந்தப் பருவத்தில் அடைத்தால்தான் இரண்டு பக்கமும் தாங்குமாம். ஒருவர் மெஷின் வைத்து வெடிப்பை வாய்க்கால் மாதிரி அகலப்படுத்தினார். பின்னால் ஒருவர் சூட்டுக்காற்றுக் குழாயால் தூசியையும் ஈரத்தையும் ஒரே வீச்சில் விரட்டினார். அதற்குப் பின்னால் 190 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ந்த ரப்பர் தாரை ஊற்றிக்கொண்டே போனார்கள். கடைசி ஆள் செய்ததுதான் எனக்கு மறக்கவில்லை: ஊற்றிய கோட்டின் மேல் டாய்லெட் பேப்பரை உருட்டிக்கொண்டே போனார், கார் டயரில் ஒட்டாமல் இருக்க. தெரு முழுக்க வெள்ளைக் கோலம். மாப்பிள்ளை வாசலில் நின்று, “மழை பேஞ்சா கரைஞ்சுரும், மாமா” என்று விளக்கம் கொடுத்தார்.

இங்கே வந்ததும் அந்த வேலைக்கு ஆள் தேடினேன். பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குழு வந்தது. ரப்பர் கலந்த தாரைக் கொப்பரையில் காய்ச்சி ஊற்றுகிறார்கள். நல்ல உழைப்பாளிகள், சொன்ன நாளில் வந்தார்கள், கணக்கில் வம்பு இல்லை. குறை என்றால் சூட்டுக்காற்றுக் குழாய் இல்லை, விளக்குமாறுதான் கொண்டுவந்தார்கள். வெடிப்புக்குள் இருக்கிற மண்ணுக்கு விளக்குமாறு எங்கே எட்டும்? பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் ஊதினார்கள். டாய்லெட் பேப்பருக்குப் பதில் நம் கிரஷர் தூள். அந்த வருஷ மழையில் அடைத்த பக்கம் புதிதாக ஒரு குழியும் விழவில்லை, காசு போதாமல் விட்டுவைத்த பின்பக்கம் வழக்கம்போல் விழுந்தது.

மழைத் தண்ணீர் ஓடுவதற்குச் சரிவு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழை விட்டு அரை மணி கழித்து எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறதோ அங்கேதான் அடுத்த குழி.

களம் முழுக்கக் கருப்பாகப் பூசுகிற சீல் கோட்டும் சிலர் கேட்கிறார்கள். குளிர் நாட்டில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்குப் பூசுவது வழக்கம். காற்றின் சூடு 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் காயும் என்பதால் குளிர் வருமுன் முடித்துவிடுவார்கள். நிலக்கரித் தாரில் செய்த பூச்சை மின்னசோட்டா 2014-லேயே தடை செய்துவிட்டது, மழையில் கழுவிக்கொண்டு போய் ஏரியில் சேர்கிறது என்று. லாரி ஏறுகிற களத்துக்கு அதெல்லாம் வீண் செலவு, ஒரு மாதத்தில் டயர் தேய்த்துவிடும்.

மூட்டை வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கலவை நெகிழ வேண்டும். கல்லாக இருந்தால் உறையில் ஓட்டை விழுந்து எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். “வெயில்ல வெச்சா இளகிருமுங்க” என்பார் கடைக்காரர், நம்பாதீர்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்துக்கு ஒரு மூட்டை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிக் குழியைத்தான் நிரப்பும், அதற்கு மேல் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள். பிரித்த மூட்டையை இறுக்கிக் கட்டி நிழலில் வைத்தால் சில நாள் தாங்கும். நான் வாங்கியபோது மூட்டை 450 ரூபாய், காங்கேயத்துக்குப் பார்சல் லாரிக் கூலி தனி. கிலோவுக்குப் பார்த்தால் சூட்டுக் கலவையைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. களம் முழுக்கப் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் அந்தக் காசுக்கு ஒரு டிப்பர் சூட்டுக் கலவையே வாங்கிவிடலாம்.